ஈரப்பூச்சுக்குக் காவல் இருக்கும் ஜெரோம்

யாராவது பூச்சு உலரும் ரேக்கை நோக்கி நடந்தால், ஜெரோம் உடனே அவர் கையில் ஒரு டீ கிளாஸைக் கொடுத்துவிடுவார். வந்தவர் அதற்கும் அசையாமல் இன்னொரு கையை நீட்டினால், அந்தக் கைக்கு ஒரு தேங்காய் பன். இரண்டு கையும் நிறைந்த மனிதன் எதைத் தொடுவான்? "சூடா இருக்கையிலயே குடிச்சுப்போடுங்க, ஆறுனா நல்லா இருக்காதுங்க" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் ஒட்டி நடந்து, வந்தவரை வாசல் பக்கம் திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிடுவார். தாம் விரட்டப்பட்ட விஷயமே அவருக்குத் தெரியாது. துப்பாக்கிப் பட்டறையில் இப்படியொரு தங்கமான மனிதரா என்று ஊருக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பார்.

பட்டறை கோவை கணபதியில் இருக்கிறது. இந்தப் பக்கம் லேத், அந்தப் பக்கம் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் விற்கும் கடை. நடுவில் பெயர்ப் பலகை சின்னதாகவும் பூட்டு பெரியதாகவும் உள்ள இரும்புக் கதவு. அரசாங்க உரிமம் பெற்றுத் துப்பாக்கி பழுது பார்க்கிற சென்னகேசவனுடைய இடம் அது. திருகாணி, சுருள்வில், விசை எல்லாம் சென்னகேசவன் பார்த்துக்கொள்வார். மேல்பூச்சு ஜெரோமின் பொறுப்பு. பழைய பூச்சைக் கழித்து, எண்ணெய்ப் பசை போகக் கழுவி, மணல் பீச்சும் பெட்டிக்குள் வைத்து உலோகத்தைச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் பீங்கான் துகள் கலந்த பூச்சைப் புகை மாதிரி தெளிப்பார். பிறகு ரேக்கில் தொங்கவிட்டுச் சற்று உலர்த்தி, ஓவனில் வேக வைப்பார். வெந்த பூச்சு மழைக்கும் வியர்வைக்கும் பயப்படாது, சாவியால் கீறினாலும் லேசில் கோடு விழாது. வேகாத பூச்சோ பச்சைப் பிள்ளை. விரல் நுனி பட்டால் போதும், அந்த ரேகையோடேயே வெந்துவிடும்.

இதற்கு முன்னால் இதே கணபதியில் பம்பு மோட்டார்களுக்குப் பவுடர் கோட்டிங் போட்டுக்கொண்டிருந்தவர்தான். "மோட்டாரும் இதும் ஒண்ணுதானுங்க. என்ன, மோட்டாருக்கு யாரும் லைசென்ஸ் கேக்க மாட்டாங்க" என்பார். இத்தனைக்கும் ஒரு துப்பாக்கியைக்கூட அவர் இதுவரை சுட்டதில்லை. பழுது பார்த்ததைச் சென்னகேசவன் மணல் டிரம்மில் சுட்டுச் சோதிக்கிற நேரம் பார்த்து ஜெரோமுக்கு வெளியே ஏதாவது வேலை வந்துவிடும். தெருமுனை பேக்கரியில் நின்றுகொண்டு, சத்தம் கேட்டதும் தோளைக் குலுக்கிக்கொள்வார். அங்கிருந்து திரும்பி வரும்போதுதான் மறுநாளைக்கான பன் வாங்கி வருவது.

துப்பாக்கிகளின் பெயர்களும் எண்களும் அவர் வாயில் நுழைவதில்லை. எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊர்தான் பெயர். "வெள்ளகோவில் ஓவன்ல இருக்குதுங்க." "சோமனூருக்கு இன்னும் துரு உடலீங்க." "பெருந்துறையை நாளைக்குத்தான் கழுவோணும்." போனில் இதைக் கேட்கிற புது ஆள் தலையைச் சொறிவார். தேர்தல் வந்துவிட்டால் இந்த ஊர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ரேக்கில் தொங்கும். தேர்தல் அறிவித்ததும் உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்து கைக்குத் திரும்பும்போது பாதிக்கு மேல் துரு பூத்திருக்கும். மாதக்கணக்கில் எண்ணெயைக் காணாத இரும்பு வேறு என்ன செய்யும்? காட்டுப்பன்றியை விரட்டுவதற்கென்று தோட்டத்தில் வைத்திருந்த இரட்டைக்குழல்களைக் கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு விவசாயிகள் வந்து நிற்பார்கள். யார் ஜெயித்தார் என்ற பேச்சில் ஜெரோம் கலந்துகொள்ள மாட்டார். அவருக்கு எல்லாத் தேர்தலிலும் வெற்றிதான்.

அவருடைய ஜென்ம விரோதி எண்ணெய். நம்மூர் ஆட்களின் உடம்பில் எண்ணெய் இல்லாத இடம் எது? தலையில் தேங்காய் எண்ணெய், விரலில் வடை எண்ணெய், காதோரம் வழிகிற வியர்வையில்கூட எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் முடிந்து வந்ததும் அவர் மனைவி பிடிவாதமாக அவர் தலையில் ஒரு கை எண்ணெய் வைத்து அழுத்திவிடுவார். திங்கள் காலையில் ஜெரோம் பாத்திரம் தேய்க்கிற சோப்பை எடுத்து அதே தலையைத் தேய்ப்பார். முடி துடைப்பக்குச்சி மாதிரி விறைத்துக்கொண்டு நிற்கும். வாரம் முழுக்க அந்த விறைப்போடுதான் வேலை. வாசலில் யார் கை கொடுத்தாலும் குலுக்கிவிட்டு, அவர் தலை மறைந்ததும் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்ப்பார். "மொளகா பஜ்ஜிங்க" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போவார்.

நிறத்தைப் பற்றிக் கேட்டுவிட்டால் மட்டும் பேச்சு நீளும். எல்லோரும் கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்களாம், எந்தக் கறுப்பு என்று சொல்வதில்லையாம். "காக்கா கருப்பு வேற, தோசக்கல்லு கருப்பு வேறங்க. எருமை நனைஞ்சா ஒரு கருப்பு, காஞ்சா ஒரு கருப்பு." மாதிரித் தகடுகளை ஒவ்வொன்றாக வெயிலில் திருப்பிக் காட்டுவார். வந்தவர் கடைசியில் எதையாவது ஒன்றைக் காட்டித் தப்பித்து ஓடுவார்.

ஜெரோமின் பெரிய குறை ஒன்று உண்டு. வேண்டாம் என்ற சொல் அவர் வாயில் வராது. தொடாதே என்று சொல்லியே பிழைக்க வேண்டிய தொழிலில் இருந்துகொண்டு இப்படி ஒரு நாக்கு. அப்பா பிரான்சிஸ் சோமனூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணைக் கூலியாக இருந்தவர். அங்கே கூலிக்காரன் வாயில் 'ஆகட்டுமுங்க' என்பதற்கு மேல் ஒரு வார்த்தைக்கு அனுமதி கிடையாது. தோட்டம் போய்விட்டது, கூலியும் போய்விட்டது, மகன் டவுனுக்கு வந்து ஓவன் வைத்து வேலை செய்கிறார். அந்த வார்த்தை மட்டும் வீட்டுச் சாமானோடு சாமானாக வண்டியேறி வந்துவிட்டது. ஜெரோமிடம் இப்போது அதில் மூன்று வகை உண்டு. "ஆகட்டுமுங்க" என்றால் செய்வார். "பாக்கலாமுங்க" என்றால் செய்ய முடியாது. "அதுக்கென்னங்க" என்றால் செய்யவே கூடாத காரியம் என்று அர்த்தம். இந்த அகராதி அவரைத் தவிர யாருக்கும் தெரியாததால் எல்லோரும் எல்லாவற்றையும் சம்மதம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ஒருமுறை பங்குக் கோயில் நிர்வாகக் குழுத் தேர்தலில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு அணியுமே அவர் பெயரைத் தங்கள் நோட்டீஸில் அச்சடித்துவிட்டன. இரண்டு பேரிடமும் அவர் 'அதுக்கென்னங்க' என்றுதான் சொல்லியிருந்தார். ஓட்டுப் போடுகிற ஞாயிறன்று அவர் காய்ச்சல் வந்து படுத்துக்கொண்டார்.

ரேக்கில் எலுமிச்சம்பழம் தொங்குவதற்கும் இந்த நாக்குதான் காரணம். வெள்ளகோவில்காரர் ஒருவர் தம் இரட்டைக்குழல் காய்ந்துவிட்டதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டார். ஜெரோம் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். விரல் நெருங்குவதைப் பார்த்தார், வாயைத் திறந்தார், "சித்தெ பொறு..." என்பதற்குள் விரல் பதிந்துவிட்டது. "ஒண்ணுமில்லீங்க, கொஞ்சம் தூசி பட்டிருச்சு, நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டு, எல்லாவற்றையும் கழுவி முதலிலிருந்து தெளித்தார். தப்பு யாருடையதாக இருந்தாலும் அவர் சொல்வது தூசிதான். மறுநாள் ஓர் எலுமிச்சம்பழத்தையும் இரண்டு பச்சை மிளகாயையும் நூலில் கோத்து ரேக்கின் முகப்பில் கட்டிவிட்டார். அதன்பிறகு யாரும் கிட்டே வரவில்லை. கட்டியிருக்கிற எலுமிச்சம்பழத்தைத் தொட நம்மூரில் யாருக்குத் துணிச்சல் உண்டு? கழுத்தில் ஜெபமாலை போட்ட ஜெரோம் புதன்தோறும் பழத்தை மாற்றிக் கட்டினார். செவ்வாயோ வெள்ளியோ மாற்றினால் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு.

அந்தக் கணக்கு இந்த வருஷ ஆயுத பூஜைக்குத் தப்பிப்போயிற்று.

பூஜை நாளில் பட்டறைக்குப் பொட்டு வைப்பது சென்னகேசவனின் மனைவி பத்மாவதி. கம்ப்ரசர், டிரில்லிங் மெஷின், வைஸ், சுத்தியல், கதவுப் பூட்டு, தண்ணீர் கேன் எதையும் விடமாட்டார். வெள்ளிக் கிண்ணத்தில் சந்தனம், இன்னொன்றில் குங்குமம். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே ஜெரோம் ரேக்கைக் காலி செய்து வைத்துவிடுவார். "ஈரத்துல வெக்காதீங்கக்கா" என்று ஒரே ஒரு முறை சொல்லியிருந்தால் தீர்ந்தது. அதற்குப் பதிலாக வருஷாவருஷம் ரேக்கைக் காலி செய்தார்.

இந்தத் தடவை காலி செய்ய முடியவில்லை. காரணம் இனியா. பெருந்துறை சிப்காட்டில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிற பெண். ஆபீஸ் விட்டால் ரைஃபிள் கிளப்பே கதி. மாநில அணித் தேர்வில் போன வருஷம் ஒரே ஒரு புள்ளியில் இடம் தவறியது. இந்த வருஷத் தேர்வுக்குப் பூஜைக்கு மறுநாள் சாயந்திரம் ரயில். பிடித்துப் பிடித்து வியர்வையில் பொரிந்துபோன தன் ரைஃபிளை அவள் கொண்டு வந்ததே கடைசி நேரத்தில்தான். ஜெரோம் "பாக்கலாமுங்க அம்மணி" என்றார். அவள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அவள் கேட்ட நிறம் மழைமேகச் சாம்பல்.

பூஜைக்கு முதல் நாள் மத்தியானம் ரைஃபிளின் நடு உடம்பைத் தெளித்து ரேக்கில் தொங்கவிட்டார். தோட்டா போய் உட்காரும் இடமும், அதன் மேல்விளிம்பில் குறிபார்க்கும் வளையம் பொருந்துகிற தண்டவாளமும் உள்ள பாகம் அது. தெளித்து முடிக்கிற நேரத்தில் கம்ப்ரசர் பெல்ட் அறுந்தது. மறுநாள் எந்தக் கடையும் திறக்காது. "ஓவனைச் சூடு பண்ணி மட்டும் வெச்சிருங்க சார், இதோ வந்துர்றேன்" என்று சென்னகேசவனிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாள் கூட்டமாக இருக்கும் என்று பத்மாவதி அந்த நேரம் பார்த்துப் பொட்டு வைக்க வந்துவிட்டார். எல்லாவற்றுக்கும் வைத்தார். ரேக்கைப் பார்த்தார், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். ஜெரோமே இவ்வளவு பக்தியாகக் கட்டியிருக்கும்போது இதற்குப் பொட்டு வைக்காமல் போவது முறையா? தொங்கிக்கொண்டிருந்த சாம்பல் நிற உடம்பின் மேல்விளிம்பில், சரியாகத் தண்டவாளத்தின் நடுவில், மோதிர விரலால் சந்தனமும் அதன்மேல் குங்குமமும் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சென்னகேசவன் வந்தார். ஓவன் சூடாகிவிட்டது, ஜெரோமைக் காணோம், நாமே உதவுவோம் என்று பாகத்தைக் கொக்கியோடு அப்படியே எடுத்து உள்ளே தொங்கவிட்டுக் கதவைச் சாத்தினார். பெல்ட்டோடு திரும்பி வந்த ஜெரோமுக்குச் சாத்திய கதவுதான் தெரிந்தது. வேகும்போது திறக்கக் கூடாது. "ரொம்ப உபகாரமுங்க" என்று சொல்லிவிட்டு, கம்ப்ரசருக்குப் பெல்ட்டை மாட்டி வைத்து, ஆறட்டும் என்று வீட்டுக்குப் போனார்.

பூஜையன்று காலையில் ஓவனைத் திறந்தபோது சாம்பல் உடம்பின் உச்சியில் பொட்டு வெந்து இறுகி நின்றது. சந்தனம் கருகி ஒரு பழுப்பு வளையம், நடுவில் ரத்தக்கட்டு மாதிரி குங்குமம். ஜெரோம் நகத்தால் வருடிப் பார்த்தார். மேடாக இருந்தது. தூசி பட்டிருச்சு என்று சொல்லிவிட்டுச் சத்தமில்லாமல் மறுபடி செய்துவிடலாம் என்று திரும்பினால், பின்னால் இனியா நின்றுகொண்டிருந்தாள். பூஜைக்கென்று முதல் பஸ்ஸிலேயே சீக்கிரமாக வந்து இறங்கிவிட்டாள்.

"ஐயோ, பொட்டோட வெந்துருச்சுங்களா?" என்று அவள் சிரித்தாள். "யாருங்க வெச்சது, அக்காங்களா? இருக்கட்டுங்க. எனக்கு இப்ப எதாச்சும் ஒரு நல்ல சகுனம் வேண்டித்தான் இருந்துச்சு." தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பொரி கடலைத் தட்டோடு பத்மாவதி வந்தார். பார்த்ததும் முகம் மலர்ந்துபோனது. சென்னகேசவன் குறிபார்க்கும் வளையத்தை எடுத்து அதன் தண்டவாளத்தில் நுழைத்துத் திருகினார். "பாரு, உக்காந்துருச்சு. நீயா ராசி கேட்டாலும் இப்படிக் கெடைக்குமா?" என்று சொல்லிவிட்டு, மரக்கட்டையோடு இணைக்கத் திருப்புளியைத் தேடினார்.

அது உட்காரவில்லை. ஒரு பக்கம் பொட்டின் மேல் ஏறிக்கொண்டு, காகிதக் கனத்துக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. ஜெரோம் அந்த வெளிச்சத்தையே பார்த்தார். சாய்வுக்குத் தகுந்தபடி வளையத்தைத் திருகிக் குறியைச் சரிசெய்துகொள்ளலாம், இன்றைக்கு அது சரியாகவே சுடும். ஆனால் சந்தனத்தோடு வெந்த பூச்சுக்கு உரம் கிடையாது. சுடச்சுட அதிர்வில் பொடிந்துவிடும். பொடிந்த நொடியில் வளையம் இறங்கும், குறி நகரும். அது போட்டி நடுவில் நடக்கும். அந்தப் பெண் தன் கைதான் நடுங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாள்.

"பாக்கலாமுங்க" என்றார் ஜெரோம். யாரும் கவனிக்கவில்லை. "அதுக்கென்னங்க, சித்தெ பாக்கலாமுங்க" என்றார் மறுபடி. சென்னகேசவனுக்குத் திருப்புளி கிடைத்துவிட்டது. ஜெரோம் ஓடிப்போய் ஃபிளாஸ்கிலிருந்து ஒரு டீயை ஊற்றிவந்து இனியாவின் கையில் கொடுத்தார், பன்னும் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னாள். அந்த வித்தை ஆட்களை வெளியே அனுப்பத்தான் உதவும், நிறுத்தி வைக்க உதவாது.

"வேண்டாமுங்க!"

பழக்கமில்லாததால் சத்தம் அளவுக்கு மீறி வந்துவிட்டது. பக்கத்து லேத்தில் பூசணிக்காய்க்குக் குங்குமம் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன வேண்டாம்?" என்றார் சென்னகேசவன்.

"அந்தப் பொட்டு வேண்டாமுங்க."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவர் காதுக்கே கேட்டது. பத்மாவதியின் கையில் தட்டு அப்படியே நின்றது. சென்னகேசவன் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஏன் ஜெரோம், எங்க சாமி பொட்டுங்கறதாலயா?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் 'எங்க' என்று பிரித்துச் சொன்னது அதுவே முதல் தடவை. ஜெரோமுக்குக் காது இரண்டும் எரிந்தது. தெருவில் இறங்கிப் போய்விடலாம் போல இருந்தது. பேக்கரியும் இன்று லீவு.

"சாமிக்கு இல்லீங்க சார். ஈரத்துக்குங்க" என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் நிற்கவில்லை. "ஈரத்துல எது பட்டாலும் உள்ளாற உரம் பிடிக்காதுங்க. பொட்டுன்னாலும் அதான், நம்ம கோயில் மெழுகுதிரி சொட்டுனாலும் அதானுங்க. அது மேல சைட்டு வளையம் ஏறி நிக்குது. நாலு ரவுண்டு தாங்கும், நாப்பது ரவுண்டு தாங்காதுங்க. மேட்ச் நடுவுல பொடிஞ்சுபோடுமுங்க அம்மணி. ஒரு நூலு எறங்குனாப் போதும், எல்லாம் போச்சு." பத்மாவதியின் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்க முடியாமல் தட்டிலிருந்த பொரியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அந்த எலுமிச்சங்காயும் பக்தியில கட்டுனது இல்லீங்கக்கா. யாரும் கை வெக்காம இருக்கோணும்னு கட்டுனதுங்க. வாயத் தொறந்து சொல்லத் தெரியலீங்க. அதனாலதான் நீங்க ஏமாந்துபோட்டீங்க. தப்பு எம்பேர்லதானுங்க."

"நாலஞ்சு பேருகிட்டச் சொல்லிப்போட்டனே" என்றார் பத்மாவதி. "எங்க ஜெரோம் எலுமிச்சங்கா கட்டறாரு, எவ்வளவு நல்ல மனசுன்னு." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கோபமா, வெட்கமா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இனியா டீ கிளாஸைக் கீழே வைத்தாள். வளையத்தைக் கழற்றி, பொட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினாள். ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கு பெயர்ந்து நகத்தோடு வந்தது. "எடுத்துருங்க" என்றாள். "நாளைக்கு ரயிலுக்குள்ள ஆயிருமுங்களா?"

"ஆயிருமுங்க. இப்ப ஆரம்பிச்சா, நாளைக்கு மத்தியானம் கைக்கு வந்துருமுங்க."

ஆரம்பிக்கத்தான் ஆளில்லை. நகத்துக்கு ஓரம்தான் வந்தது, மீதிப் பொட்டை மணல் பீச்சித்தான் எடுக்க வேண்டும். சென்னகேசவன் ஓர் அடி பின்னால் நகர்ந்தார். "நல்ல நாளும் அதுவுமா நான் அதை அழிக்கக் கை வெக்க மாட்டேன்" என்றார். இனியா குனிந்துகொண்டாள், அவளுக்கும் மனம் வரவில்லை. எல்லோரும் ஜெரோமைப் பார்த்தார்கள். அவருடைய வேலைதானே அது. பக்கத்து லேத் ஆட்கள் இன்னும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஜெரோம் பாகத்தைக் கையில் எடுத்தார். "நானு அழிச்சா..." என்றார். அதற்குமேல் வரவில்லை. வரவும் வேண்டாம். ஆயுத பூஜையன்று பொட்டை அழித்தவன் ஜெரோம் என்று பொழுது சாய்வதற்குள் கணபதி முழுக்கப் பேச்சாகிவிடும். ஈரம், வேக்காடு, தண்டவாளம் எதுவும் அந்தப் பேச்சில் இருக்காது. பட்டறைக்குள் நான்கு பேர் இருந்தார்கள், நான்கு பேருக்கும் அது தெரியும்.

பத்மாவதி பொரித் தட்டை மேஜையில் வைத்தார். குழாயடிக்குப் போய், விரலிடுக்கில் இருந்த சந்தனம் போகும்வரை பாத்திரச் சோப்பால் தேய்த்துக் கழுவினார். வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கணவர் கையில் கொடுத்தார். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பத்மாவதி பார்க்கவில்லை. ஜெரோமின் கையிலிருந்து பாகத்தை வாங்கி, மணல் பீச்சும் பெட்டிக்குள் வைத்து மூடினார். முன்பக்கம் தொங்கிய இரண்டு ரப்பர் உறைகளுக்குள் முழங்கைவரை கையை நுழைத்துக்கொண்டு, கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்.

"வெச்சது நானு" என்றார். "எப்படிப் புடிக்கோணும்னு மட்டும் சொல்லுங்க."

பெட்டியை இயக்குகிற மிதி ஜெரோம் நிற்கிற இடத்துக்குத் தோதாகத் தள்ளிக் கிடந்தது. பத்மாவதியின் கால் சேலைக்கடியில் அதைத் தேடியது. ஜெரோம் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் மிதியை நகர்த்தி அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தார்.